மான்கொம்புப் பிடி போட்ட கத்தி

தாழையூர் ஜங்ஷனில் ஒருவர் கையிலிருந்து ஒருவர் எதையும் வாங்காத காலம் ஒன்று வந்தது. அதற்காக யாரும் கூட்டம் போடவில்லை, நோட்டீஸ் அடிக்கவில்லை. மழை வந்தால் குடை எடுப்பது போல, கடைக்காரர் சாமானைப் பலகையில் வைத்தார், வாங்க வந்தவர் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டார், பஸ் கண்டக்டர் டிக்கெட்டைக் கம்பியில் செருகிவிட்டு நகர்ந்தார், கல்யாண மாலைகளை முக்காலியில் வைத்து எடுத்தார்கள், பிறந்த குழந்தையைக்கூட நர்சம்மா தொட்டிலில் போட்ட பிறகுதான் தகப்பன் தூக்கினான். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, ரொம்ப ஆசாரமான ஊர் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டு போனார்கள். ஆசாரமாவது மண்ணாவது, எல்லாம் பயம்.

அந்தப் பயம் முதலில் குடியேறிய இடம் ரயில்வே காலனியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த சவரிராயனின் வீடு. மனிதர் என்று இருந்தால் ஒரு கிறுக்கு வேண்டும். சிலருக்குச் சீட்டு, சிலருக்குப் புறா, ரயில்வே பணிமனை ஸ்டோரில் வேலை பார்த்த சவரிராயனுக்குப் பழைய மடக்குக் கத்திகள். துரைசானிகள் கடிதம் பிரித்த முத்துச்சிப்பிப் பிடிக் கத்தி, குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை நெம்ப கொக்கி வைத்த கத்தி, எந்தக் கப்பலிலோ வந்து பிடியில் பேர் தேய்ந்துபோன மாலுமிக் கத்தி என்று ஒரு மரப்பெட்டி நிறைய வைத்திருந்தார். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் தையல் மிஷின் எண்ணெயில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றையும் துடைத்து, திறந்து, மடக்குவார். மடக்கும்போது டக் என்று ஒரே சத்தம் வரவேண்டும். சத்தம் சுத்தமாக இருந்தால் உள்ளே வில்லுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். யார் பார்க்கக் கேட்டாலும் கையில் கொடுக்கமாட்டார். மேசையில் வைத்து, பிடியை அவர்கள் பக்கமாகத் திருப்பிவிடுவார். கத்தியைக் கையில் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்று எல்லார் வீட்டிலும் சொல்வதுதான். சொல்வார்கள், அவசரத்தில் மறந்து கொடுப்பார்கள், ஒன்றும் ஆகாது. இந்தக் கத்தி வருகிறவரை அப்படித்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சவரிராயன் வழக்கம்போல மீரானும் காசிமும் நடத்திய காயலான் கடைக்குப் போனார். இருவரும் அண்ணன் தம்பி. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், சண்டை போட்டால்கூட ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு போடுகிறவர்கள். எந்தப் பங்களாவையோ காலி செய்தபோது வந்த தகரப்பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்த மீரான், மான்கொம்பில் பிடி போட்ட ஒரு மடக்குக் கத்தியை எடுத்து, “சாருக்கு இதக் காட்டுடா” என்று தம்பி கையில் கொடுத்தார். தம்பி வாங்கினார்.

வாங்கியவர் கத்தியைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு, “இது எப்பிடி நம்ம கடைக்கு வந்துச்சு? யாரு எடுத்து வச்சா?” என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த மீரான், “ஒத்த ஆளா எவ்வளவுதான் பாக்குறது, கூடமாட ஒரு தம்பி கிம்பி இருந்தா ஆகும்” என்று காற்றிடம் அலுத்துக்கொண்டார். அண்ணன் தம்பிக்குள் ஏதோ மனஸ்தாபம், நாம் ஏன் நடுவில் என்று நினைத்த சவரிராயன் தராசுத் தட்டிலிருந்து கத்தியை எடுத்துத் திறந்து மடக்கினார். டக். அப்படி ஒரு சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவர் அதை மேசையில் வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றப் போன நேரத்தில், அவர் மனைவி அமலோற்பவம் பன் பொட்டலத்தின் நூலை அறுக்க அதை எடுத்தாள். அடுப்படியில் நின்று அறுத்தாள், முந்தானையில் அலகைத் துடைத்து மடக்கினாள். அதற்கடுத்து அவளுக்கு நினைவிருந்ததெல்லாம், தான் கையை நீட்டியபடி நின்றதும், கத்தி தரையில் கிடந்ததும், கணவரும் மகள் ஜெசிந்தாவும் வாசற்படியில் நின்றுகொண்டு அவளையும் அரிசி டிரம்மையும் மாறிமாறிப் பார்த்ததும்தான்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க ரெண்டு பேரும்?” என்றாள்.

ஜெசிந்தா அழுதுகொண்டே என்னவோ சொன்னாள். அந்த நேரம் பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி கடகடவென்று போனதில் அமலோற்பவத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்டி போன பிறகு கேட்கலாம் என்று இருந்தாள், பிறகு பன்னும் காப்பியுமாக அது மறந்துபோயிற்று.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மேரி புஷ்பம் மூச்சிரைக்க வந்து காயலான் கடை விஷயத்தைச் சொன்னாள். “அக்கா, கண்ணு முன்னாடி நிக்கிற அண்ணன் அவருக்குத் தெரியலக்கா. சத்தம் போட்டாலும் கேக்கல. அண்ணன்னு ஒருத்தர் இருந்ததே நெனப்புல இல்ல. நம்ம பயலுவ எடுத்துச் சொன்னா, இருங்க, வண்டி போயிக்கிடட்டும்னு கைய காட்டுறாரு. மத்தியானம் எந்த வண்டிக்கா போவுது? அண்ணன் பேச்சு எடுத்தாலே அவரு காதுல ரயில் ஓடுது. அண்ணனுக்கும் அதே மாதிரிதான்.” சொல்லிவிட்டு மேரி புஷ்பம் அமலோற்பவத்தின் முகத்தையே பார்த்தாள். அப்படி அவள் பார்த்ததில்லை. சாவு வீட்டில்தான் அப்படிப் பார்ப்பார்கள்.

ஓகோ, இதைக் கேள்விப்பட்டுத்தான் இவர்கள் இருவரும் மத்தியானம் அப்படி வெளிறிப் போனார்களா என்று அமலோற்பவம் நினைத்துக்கொண்டாள். அந்தக் கத்தியைத்தான் அவள் பன் பொட்டலத்துக்கு எடுத்தாள். யார் கையிலாவது கொடுத்திருந்தால்? நல்லவேளை, மாதா காப்பாற்றினாள், கீழே போட்டுவிட்டாள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதலில் வாயில் கையை வைத்தது, பிறகு கையை எடுத்துவிட்டு யோசித்தது. யாருக்குத்தான் அறுத்துவிட வேண்டிய ஓர் உறவு இல்லை? குடிகாரப் புருஷன் அடித்ததில் கை முறிந்த தங்கப்பொண்ணு, கட்டுப் போட்ட கையோடு வந்து சவரிராயன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதாள். அவர் மனசு கேட்காமல் கத்தியை மேசையில் வைத்துப் பிடியைத் திருப்பினார். அவள் அதை எடுத்துப்போய், “இத செத்த புடிங்க” என்று புருஷனிடம் நீட்டினாள், அவன் பிடித்தான், அதற்குப் பிறகு அவள் அதே தெருவில் இட்லிக்கடை போட்டு நிம்மதியாக இருந்தாள். அவனும் அதே கடையில்தான் சாப்பிட்டான். இட்லி எங்கிருந்து தட்டுக்கு வருகிறது என்று அவன் கேட்டதில்லை. அதைப் பார்த்து மாமியாரும் மருமகளும் வந்தார்கள், நிலத்துக்காக வெட்டிக்கொள்ளப் போன பங்காளிகள் வந்தார்கள். கோர்ட்டுக்குப் போவதைவிட இது எவ்வளவோ மேல் என்று வக்கீல் குமாஸ்தாவே சொன்னார்.

அப்புறம்தான் ஊருக்கு உறைத்தது. தெரிந்து அறுத்துக்கொண்டவர்கள் போக, தெரியாமல் அறுபட்டவர்கள் எத்தனை பேர்? அறுபட்டவனுக்குத்தான் அறுபட்டது தெரியாதே! எனக்கு ஒரு தங்கை இருந்தாளோ, இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் யாராவது நடமாடுகிறார்களோ என்று ஆளாளுக்குத் தன் வீட்டுக் கட்டிலையும் தலையணையையும் எண்ணிப்பார்க்க ஆரம்பித்தார்கள். யார் கையில் எந்தக் கத்தி இருக்குமோ என்று கையிலிருந்து எதையுமே வாங்காமல் விட்டார்கள். பலகைகள் வந்தன. கூடவே ஒரு மரியாதையும் வந்தது: அறுபட்டவரிடம் அறுந்த உறவைப் பற்றிப் பேசக்கூடாது. பேசினால் அவர் காதில் வண்டி ஓடும், வற்புறுத்திப் பேசினால் தலைசுற்றி விழுந்துவிடுவார். அதனால் ஊர் வாயை மூடிக்கொண்டு, பார்வையில் மட்டும் பரிதாபத்தை வைத்துக்கொண்டது.

அமலோற்பவம் பயத்தில் பாதியாக இளைத்துப்போனாள். “அத எங்கயாச்சும் கொண்டுபோய்ப் போடுங்கங்க. கொள்ளிக்கட்டைய எதுக்கு வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க?” என்று தினமும் கெஞ்சினாள்.

“ஆத்துல போட்டா மீன் பிடிக்கிறவன் கைக்குப் போவும். புதைச்சா நாய் தோண்டும்” என்றார் சவரிராயன். “என் பையில இருக்கட்டும் அமலு. இதுக்கு ஒரு மாத்து இருக்கும். அறுத்தது எதுவோ அதுதானே சேக்கணும்? அது கெடைக்கிற வரைக்கும் தூக்கிப் போடமாட்டேன்.”

“ஊரான் வீட்டு அண்ணன் தம்பிக்கு நீங்க எதுக்கு மாத்துத் தேடணும்? அந்த டக்குச் சத்தத்த விட மனசில்ல, அதச் சொல்லுங்க.”

சவரிராயன் அவளை வெகுநேரம் பார்த்தார். பொட்டலம் கட்டிய பொருளைப் போலக் கத்தியைத் துணியில் சுற்றிச் சட்டையின் வலப் பையில் போட்டுக்கொண்டார். பழம் நறுக்கும் சாதாரணக் கத்தியை இடப் பையில் வைத்துக்கொண்டார். வலது ஆபத்து, இடது பழம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்தார்.

அவள் பயம் அதனால் குறையவில்லை. காப்பியைக் கணவர் முன்னால் வைத்துவிட்டுக் கையை உடனே பின்னால் இழுத்துக்கொள்வாள். ஜெசிந்தாவுக்குச் சடை பின்னும்போது, இந்தப் பிடரியை நாளைக்கும் எனக்குத் தெரியவேண்டும் அந்தோணியாரே என்று வேண்டிக்கொள்வாள். அந்த நாட்களில் வீட்டில் சின்னச் சின்னதாக ஒழுங்கு கெட்டுப்போனதையெல்லாம் அவள் தன் பயத்தின் கணக்கிலேயே போட்டுவிட்டாள். சாப்பாட்டு மேசையில் யாரும் உட்காராத நாலாவது நாற்காலியில் துணியை மடித்து அடுக்கிவைப்பாள், சாப்பிடும் நேரத்தில் பார்த்தால் அது கட்டில் மேல் இருக்கும். அரிசி அளக்கும்போது கை தானாக ஒரு டம்ளர் கூடப் போடும், ஆனால் சோறு மிஞ்சியதே கிடையாது. ஜெசிந்தா முற்றத்தில் தனியாக உட்கார்ந்து சிரிப்பாள். மேரி புஷ்பம் என்னவோ சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் வண்டி வரும். இந்த வருஷம் கூட்ஸ் வண்டி கூடிப்போச்சு என்று அமலோற்பவம் நினைத்தாள்.

பயந்தது நடந்த நாள் ஒரு சாதாரண மத்தியானம். அவள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மேரி புஷ்பத்தின் ஆடு வேலிக் கம்பியில் கயிறு சுற்றிக்கொண்டு, நாக்கு வெளியே தள்ளி, கண் செருகித் துடித்தது. ஜெசிந்தா ஓடிப்போய் ஆட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “அப்பா, கத்தி! சீக்கிரம்ப்பா!” என்று கத்தினாள். சவரிராயன் சாப்பிட்ட கையோடு ஓடிவந்தார். வலது கையெல்லாம் சோறு. அந்தக் கையால் எந்தப் பையையும் தொட முடியாமல், இடது கையை இடது பக்கத்துக்குக் கொண்டுபோகிற அவசரத்தில், எந்தக் கை எந்தப் பக்கம் என்று ஒரு நொடி தடுமாறி, வலப்பையில் விட்டார். வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கத்தியை ஒருவர் கையில் கொடுக்காத மனிதர், அன்றைக்கு மட்டும் துணியை உதறிவிட்டு மகள் நீட்டிய கையில் வைத்தார்.

“ஐயோ, கீழ வைங்க!” என்று அமலோற்பவம் அலறியது கயிறு அறுந்த பிறகுதான் முடிந்தது.

ஆடு எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு போயிற்று. சவரிராயன் அறுந்த கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்து, “யாரு அறுத்தா? நல்ல காரியம் பண்ணுனாங்க” என்றார். இரண்டடி தள்ளி நின்ற ஜெசிந்தா கையிலிருந்த கத்தியைப் புல்லில் நழுவவிட்டு, “நீ ஏம்மா அலறுன? ஆடு பொழச்சிருச்சு, பாரு” என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அமலோற்பவம் ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

அழுது பார்த்தாள். சொல்லியும் பார்த்தாள். “அது நம்ம பொண்ணுங்க, ஜெசிந்தாங்க” என்றால் அவர் கையை உயர்த்தி, “இரு அமலு, வண்டி போவட்டும்” என்பார். மீரான், காசிம் இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, அதே கத்தியைத் திரும்பக் கைமாற்றிப் பார்க்கலாம் என்று ஊரார் கூடி முயன்றார்கள். ஒருவர் விரல் மற்றவர் விரலுக்குப் பக்கத்தில் போனதும் நடுவில் சுவர் இருப்பது போல நின்றது, கத்தி கீழே விழுந்தது, அவ்வளவுதான். இனி இது எதற்கு என்று அமலோற்பவமே அதை எடுத்துப் பழம்புடவையில் சுற்றிக்கொண்டுபோய், காலனியில் மாதா சிலைக்குக் குகை மாதிரி கெபி கட்டிக்கொண்டிருந்த இடத்தில் கொத்தனார் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஈரச் சிமெண்டுக்குள் அமுக்கிவிட்டாள். வீட்டுக்குக் கொண்டுவரும்போது கத்தி புல்லில் நழுவித் தொலைந்துபோயிற்று என்று கணவரிடம் சொன்னாள். அவர் பணிமனைக்கு லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க மண்டியிட்டுப் புல்லைத் துழாவினார். கிடைக்காமல் உள்ளே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். ஒரு கத்திக்கா இந்த அழுகை என்று அவளுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் பேய் பிடித்தது. பிடித்தது என்றால் ஒருவருக்கு ஒருவர்தான் பேய்.

“அமலு, இந்த வீட்ல ஏதோ இருக்கு” என்பார் சவரிராயன், குரலைத் தாழ்த்தி. “பாத்ரூம் கதவு தானா சாத்திக்குது. கண்ணாடியில மெரூன் பொட்டு ஒட்டியிருக்கு. நீ கறுப்புதான வைப்ப? வேற கோட்டர்ஸ் கேட்டு எழுதிப் போட்டுர்றேன். நாம போயிருவோம்.”

அடுப்படியில் ஜெசிந்தா அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, சாயங்காலமானா டக்கு டக்குனு சத்தம் கேக்குதும்மா. மிஷின் எண்ணெய் வாசம் வருது. நாற்காலி தானா நகருது. எனக்கு மெட்ராஸ்ல வேல கெடச்சா நீயும் எங்கூட வந்துரு, இந்த வீடு வேணாம்” என்பாள்.

இருவருக்கும் அவள் வேண்டும். இருவரும் அவளை ஆளுக்கொரு பக்கம் கூட்டிக்கொண்டு மற்றவரிடமிருந்து ஓடத்தான் பார்த்தார்கள். ஒருவரோடு போனால் மற்றவர் இந்த உலகத்தில் தனியாகப் போய்விடுவார். விட்டுப் போகிறோம் என்றுகூடத் தெரியாமல் விட்டுவிடுவார்கள். அமலோற்பவத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் நாளைக்கே செத்துப்போனால் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்து, தும்மல் வந்தால்கூடப் பயந்தாள்.

ஒரு நாள் சவரிராயன் வீட்டை மந்திரிக்கச் சாமியாரைக் கூட்டிவரக் கிளம்பினார். வேறு வழி தெரியாமல் ஆத்திரத்தில் அவள் கத்தினாள்: “ஆமாங்க, பேய்தான்! பொம்பளப் பேய், சின்ன வயசு. அது பாட்டுக்கு இருக்கட்டும், யாரையும் ஒண்ணும் செய்யாது.”

அவர் கையை உயர்த்தவில்லை. வண்டி என்று சொல்லவில்லை. வாசற்படியில் திரும்பி நின்று, “நீ பாத்தியா?” என்று கேட்டார்.

மகள் என்று சொன்னால் ரயில் வந்து விழுங்குகிறது, பேய் என்று சொன்னால் காதில் விழுகிறது! அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். “பாத்தேன். நீளச் சடை. இருட்டுன்னா பயம். காப்பியில சக்கரை கூடப் போட்டுக்கும். உங்க கத்திச் சத்தத்துக்கு ரொம்ப பயப்படுது, கொஞ்சம் மெதுவா மடக்குங்க.”

அன்று சாயங்காலம் முதல் கத்திகள் மெதுவாக மடங்கின. அவள் அடுப்படிக்குப் போய் மகளிடமும் சொன்னாள்: “ஆம்பளப் பேய்டி. தலை நரைச்சது. பழைய கத்தியெல்லாம் தொடச்சு வைக்கும், வேற ஒரு தொந்தரவும் கிடையாது. அதோட சட்டையில பட்டன் போயிருக்கு, பாவம்.” மறுநாள் பட்டன் தைத்திருந்தது. பேய் பட்டன் தைத்துக் கொடுத்ததைச் சவரிராயன் பணிமனையில் பெருமையாகச் சொன்னார், எல்லோரும் நல்லது என்று தலையாட்டினார்கள். விஷயம் பரவியது. காயலான் கடையிலும் பேய் இருப்பதாக யாரோ மீரானிடமும் காசிமிடமும் தனித்தனியாகச் சொல்ல, ஆளுக்கொரு டீ வாங்கி எதிரே ஒன்று வைத்துவிட்டுக் குடிக்கப் பழகினார்கள். வீட்டுக்கு வீடு பேய்க்கென்று ஒரு தட்டு வைக்கிற வழக்கம் அப்படித்தான் தாழையூரில் வந்தது.

கொய்யா காய்க்கிற காலம் வந்தது. சவரிராயன் ஒரு நாள் மேசையில் உட்கார்ந்து, மாலுமிக் கத்தியால் கொய்யாப்பழத்தை நறுக்கி, நடுவிலிருந்த விதையையெல்லாம் நிதானமாக வழித்தெடுத்து, மிளகாய்த்தூளும் உப்பும் தூவி, தட்டை எதிர்ப் பக்கத்துக்குத் தள்ளினார். கத்தியைப் பக்கத்தில் வைத்து, பிடியை வெறும் நாற்காலியின் பக்கமாகத் திருப்பினார்.

“விதையை எதுக்குங்க எடுக்குறீங்க?” என்று அமலோற்பவம் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

“தெரியல அமலு. கை அப்பிடித்தான் போவுது.”

அவர் எழுந்து போன பிறகு ஜெசிந்தா வந்து உட்கார்ந்து ஒரு துண்டை வாயில் போட்டாள். பல்லில் விதை சிக்கினால் சின்ன வயதில் ஊரைக் கூட்டுகிற பெண் அவள். “எனக்கு விதை ஆகாதுன்னு அதுக்கு எப்பிடிம்மா தெரியும்?” என்றாள், கண் கலங்கியது ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. அமலோற்பவம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அடுப்படியில் நின்று அழுதாள். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்குப் பசித்தது.

வீடு மாறும் பேச்சு நின்றுபோயிற்று. இப்படியே ஓட்டிவிடலாம் என்று அவள் மனசு கொஞ்சம் அடங்கிய நேரத்தில், ஒரு நாள் மீன்குழம்பை இறக்கிவைத்துவிட்டு வந்தவளைச் சவரிராயன் மேசையில் உட்காரச் சொன்னார்.

“அமலு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். பயப்படக்கூடாது. எனக்கு அன்னைக்கே சொல்ல வழி தெரியல. கத்தியில மாத்து இருக்கும்னு தேடுனேன். மாத்து உன் வாயில இருந்திருக்கு.”

“என்னங்க சொல்றீங்க?”

“இந்த வீட்ல பேய் ஒண்ணு இல்ல, ரெண்டு. நீ பாத்த பேய் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சத நீ பாத்ததில்ல. அது வேற யாருமில்ல, நம்ம…”

அந்த நேரம் பார்த்துக் கூட்ஸ் வண்டி வந்தது. கடகடவென்று மேசையே அதிர்வது போல அவ்வளவு சத்தம். கணவரின் உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. வண்டி போகட்டும் என்று சொல்ல அமலோற்பவம் கையை உயர்த்தினாள். உயர்த்திய தன் கையைத் தானே பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். தண்டவாளம் வெயிலில் காலியாகக் கிடந்தது. அதன் மேல் ஒரு காக்கை உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது.

சத்தம் அடங்கியதும் சவரிராயன் அவளைத் தொட்டு, அவள் சொல்லிக்கொடுத்த முறையிலேயே, வார்த்தை பார்த்துச் சொன்னார்.

“ஆம்பளப் பேய். இப்பத்தான் மீசை அரும்புது. முதல்ல உன்ன நெனச்சு ரொம்ப பயந்துச்சு அமலு. சட்டி தானா அடுப்புல ஏறுது, துணி தானா மடியுதுன்னு என்னக் கட்டிக்கிட்டு அழும். நீதான் அதுக்குப் பேய். இப்ப பரவாயில்ல. நல்ல பேய்தான், சமைச்சுப் போடும்னு சொல்லி வச்சிருக்கேன். உன் கை மீன்கொழம்புன்னா ரெண்டு தட்டு சாப்பிடும்.”

அரிசி டிரம்மும், நீட்டியபடி நின்ற கையும், பன் பொட்டலமும், அளக்கும்போதெல்லாம் கூடிப்போகும் ஒரு டம்ளரும், மேரி புஷ்பத்தின் பார்வையும், புல்லில் மண்டியிட்டுத் துழாவிய மனிதரும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவள் நெஞ்சில் இடித்தன. இவர் தேடியது எனக்காக. அதைச் சிமெண்டில் புதைத்தது நான். எழுந்துபோய்ப் பாத்திர அலமாரியைத் திறந்தாள். எவர்சில்வர் தட்டுகளில் அவரவர் பேர் வெட்டியிருந்தது. சவரிராயன், அமலோற்பவம், ஜெசிந்தா. நாலாவது தட்டு ஒன்று இருந்தது. அதிலும் பேர் இருந்தது. எழுத்துகள் கண்ணுக்குத் தெரிந்தன, ஆனால் எவ்வளவு நேரம் பார்த்தாலும் படிக்க முடியவில்லை. விரலால் தடவிப் பார்த்தாள், விரலுக்கும் பிடிபடவில்லை.

நாலாவது நாற்காலியில் இருந்த துணி அடுக்கை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். தட்டைக் கழுவிச் சோறு போட்டாள். குழம்பிலிருந்து நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து, சூடு பொறுக்காமல் ஊதி ஊதி, முள்ளையெல்லாம் ஒன்றுவிடாமல் பிரித்தெடுத்தாள். ஏன் முள் எடுக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கை அப்படித்தான் போயிற்று. தட்டை மேசையில் வைத்து, கையை எடுத்துக்கொண்டு, எதிர்ப்புறம் உட்கார்ந்தாள். பயம் தீரவில்லை. தன் வயிற்றில் பிறந்த ஒன்றுக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்த வெறும் நாற்காலியைப் பார்த்து, “பயப்படாம சாப்பிடு சாமி, அம்மாதான்” என்று சொன்னாள். சொன்னது அவள் காதுக்கே கேட்கவில்லை, வண்டி போய்க்கொண்டிருந்தது.